சாயம் போகும் கிண்ணம்

"தண்ணி நிக்காத சட்டியை எதுக்கும்மா செய்யறே?"

என் மாமியார் இந்தக் கேள்வியை முதல் தடவை கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் அவருக்குத் திருப்தியான பதிலை நான் சொன்னபாடில்லை.

கேள்வி பிறந்த கதை இது. நானே சுட்டெடுத்த முதல் 'ராக்கு' கிண்ணத்தைப் பெருமையோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். வெள்ளை மேனியில் கறுப்பு நரம்புகள் சிலந்தி வலை மாதிரி ஓடியிருந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு" என்றார். சொன்னதோடு நின்றிருக்கலாம். ரசத்துக்கு வேண்டிய புளியை அதிலே ஊறப்போட்டுவிட்டார்! சாயங்காலம் பார்த்தால் சமையல் மேடையில் கிண்ணத்தைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். மாம்பலத்து வெயிலில் நடந்து வந்தவர் முதுகு மாதிரி கிண்ணம் முழுக்க வியர்த்திருந்தது. புளியைக் கொட்டச் சொன்னேன். இந்தக் கிண்ணத்தில் வைத்ததைச் சாப்பிடக்கூடாது என்றேன். "சாப்பிடவும் கூடாதா?" என்று அவர் கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர எனக்குச் சாமர்த்தியம் போதாது.

"அது என்ன பேரு? ராக்கா? எங்க ஊர்லே பால் கறக்க வர்றவ பேரு அது."

வாஸ்தவம். ராக்கு, ராக்காயி எல்லாம் நம் ஊர்ப் பெண்கள்தான். ஆனால் இந்த ராக்கு கியோட்டோக்காரி.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் பேரேட்டோடு மல்லாடியவள் நான். இவருக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் ஆனது. பையனும் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டான். கைக்கு வேலை இல்லாமல் போன அந்த நாட்களில்தான் மண் என்னைப் பிடித்துக்கொண்டது. புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை. 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கத் தம்பதியர் இங்கே 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்று ஒரு பட்டறை தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று ஆலமரம் விழுது விட்ட மாதிரி இந்த வட்டாரத்தில் பீங்கான் வேலை பரவிவிட்டது. அப்படி ஒரு விழுதின் நிழலில், ஒரு கீற்றுக் கொட்டகையில், நான் இரண்டு வருஷம் மண் பிசைந்தேன்.

கியோட்டோவுக்கு நான் போனதில்லை. படித்ததைத்தான் சொல்கிறேன். 16-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அங்கே சோஜிரோ என்று ஒருவர் இருந்தார். கூரை ஓடு செய்கிற குடும்பம். தேநீர் அருந்துவதையே ஒரு பூஜை மாதிரி நடத்தக் கற்றுக்கொடுத்த சென் நோ ரிக்யூ என்ற பெரியவர், தமக்கு வேண்டிய கிண்ணத்தை இவரிடம் செய்து வாங்கினார். சக்கரத்தில் வனைவதில்லை; உள்ளங்கையில் வைத்துப் பிடித்து, கத்தியால் சீவி எடுப்பது. ஒன்று சிவப்பு, இல்லாவிட்டால் கறுப்பு. பூவும் கிடையாது, கொடியும் கிடையாது. நம் வீட்டுப் பெண்களிடம் காட்டினால், "இதற்கா இத்தனை பேச்சு?" என்பார்கள். ஆனால் இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கிறவனுக்குச் சூடும் கனமும் தெரிந்தால் போதும், கண்ணைப் பறிக்க வேண்டாம் என்பது ரிக்யூவின் அபிப்பிராயம். அந்தப் பெரியவரின் முடிவு பரிதாபமானது. நாட்டை ஆண்ட ஹிதேயோஷியின் கோபத்துக்கு ஆளாகி, 1591-ல் அவன் கட்டளைப்படி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கிண்ணம் செய்தவர் குடும்பம் மட்டும் நிலைத்துவிட்டது. 'ராக்கு' என்றால் சுகம், ஆனந்தம் என்று பொருள். அதுவே அவர்கள் குடும்பப் பெயராகி, 2019-ல் 16-ஆவது தலைமுறைக்காரர் பட்டத்துக்கு வந்திருக்கிறார். பிற்காலத்துச் சந்ததிக்கென்று மண்ணைச் சேர்த்துவைப்பது அந்த வீட்டு வழக்கமாம். நாம் நகையைச் சேர்த்துவைக்கிறோம்.

அவர்கள் கறுப்புக் கிண்ணம் சுடுவது ஒவ்வொன்றாகத்தான். கரி அடுப்பில் துருத்தி ஊதி, கிண்ணம் கனன்றுகொண்டிருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடுவார்கள். இடுக்கி பிடித்த தழும்பு கிண்ணத்தின் மேல் இருக்கும். அந்தத் தழும்புக்கும் ஒரு மதிப்பு!

நாங்கள் செய்கிற ராக்கு அதற்குத் தூரத்து உறவு. சொல்லப்போனால் வளர்ப்புப் பிள்ளை. பெர்னார்டு லீச் என்ற ஆங்கிலேயர் 1911-ல் டோக்கியோவில் ஒரு விருந்துக்குப் போனார். வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பாண்டத்தைக் கொடுத்துப் படம் வரையச் சொல்லி, அங்கேயே அடுப்பில் சுட்டுக் காட்டினார்களாம். அந்த வேடிக்கையில் மயங்கி அவர் குயவராகவே மாறிவிட்டார். அவர் 1940-ல் எழுதிய புத்தகத்தைப் பார்த்து, 1960-ல் காலிபோர்னியாவில் பால் சோல்ட்னர் என்பவர் தாமும் முயன்றார். கிண்ணம் மனசுக்குப் பிடித்தமாக வரவில்லை. சுட்ட கிண்ணத்தை அங்கே மிளகு மரம் என்று சொல்லப்படும் ஒரு மரத்தின் உதிர்ந்த இலைகளில் போட்டுப் புரட்டினார். (நம் ரசத்து மிளகு அல்ல, அது கொடி.) இலை பற்றி எரிந்து புகைந்தது, புகை மண்ணில் ஏறிக் கோலம் போட்டுவிட்டது. அன்றிலிருந்து உலகம் முழுக்க ராக்கு என்றால் புகை என்று ஆகிவிட்டது. கியோட்டோவில் அந்தப் புகையே கிடையாது.

புகை போடுவது நமக்குப் புதிதும் அல்ல. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் பூமிக்கடியிலிருந்து எடுத்திருக்கிறார்களே கறுப்பு-சிவப்புப் பானைகள், அவற்றின் உட்புறமும் வாய்ப்புறமும் காற்றுப் படாமல் வெந்ததால்தான் கறுத்தன என்கிறார்கள். இதை என் மாமியாரிடம் சொன்னேன். "அதுலே தண்ணி நின்னுதா, இல்லையா?" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் கிண்ணங்களில் ஒரு வகைக்குச் செம்புப் பூச்சு. காப்பர் கார்பனேட் என்று ஒரு பச்சைப் பொடி. நம் செம்புக் குடத்தின் கழுத்தில் பிடிக்கிற களிம்புக்கு அது நெருங்கிய சொந்தம். அதைப் பூசி, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு புகையில் மூடினால், செம்பிலே கலந்திருக்கும் பிராணவாயுவை நெருப்பு பிடுங்கித் தின்றுவிடும். மிஞ்சுவது சுத்தச் செம்பு. அதன் மேல் மயில் கழுத்து நீலம், மாதுளம்பூச் சிவப்பு, ஊதா, பொன் என்று வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழிந்துகொண்டு நிற்கும். இரண்டு கிண்ணம் ஒரே மாதிரி வராது. பார்த்தவர்கள் விலையைக்கூடக் கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்த வண்ணம் நிலையானது அல்ல. காற்றுப் படப்படச் செம்பு பழைய நிலைக்குத் திரும்பும். சிலது ஆறு மாதத்தில், சிலது இரண்டு மூன்று வருஷத்தில் மங்கி, மந்தமான பழுப்பும் பச்சையுமாகிவிடும். வார்னிஷ் மாதிரி ஒன்றை மேலே அடித்தால் கொஞ்சம் தாமதப்படும். அடித்தால் பிளாஸ்டிக் பொம்மை மினுமினுப்பு வந்துவிடுகிறது என்று நான் அடிப்பதில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். வாங்குகிறவர்களிடம் சொன்னேனா என்றால், சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில், கடலூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒயர் கூடையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். என் கிண்ணம்தான். என் முத்திரையைப் பார்த்திராவிட்டால் நானே அடையாளம் கண்டிருக்க மாட்டேன். அடுப்பங்கரைத் தவிடு நிறத்தில் இருந்தது.

"போன வருஷத்துக்கு முந்தின பொங்கல்லே வாங்கினோம்மா. அவரும் நானும் வந்திருந்தோம். அவர்தான் எடுத்தார். நீலமும் சிவப்புமா இருந்ததில்லே? 'கல்யாணத்துலே நீ கட்டியிருந்த புடவை இந்த நிறம்தான்'னு சொன்னார். எனக்கு ஞாபகமே இல்லே. அவருக்கு இருந்தது."

அவர் போய் எட்டு மாதம் ஆயிற்றாம்.

"புளி போட்டுத் தேச்சுப் பார்த்தேன். செம்புன்னுதானே சொன்னீங்க? கொஞ்சம் தேச்சதும் பயமாயிடுச்சு, விட்டுட்டேன். நீங்க ஏமாத்தினீங்கன்னு சொல்ல வரலேம்மா. ஏதாவது செய்ய முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் அப்படிப் பேசியபோது எனக்கு நாக்கு எழவில்லை. "அது அதனுடைய சுபாவம் அம்மா, காற்றுப் பட்டால்..." என்று தொடங்கினேன். காபி கொண்டுவந்த என் மாமியார் நடுவில் நின்று கேட்டார்:

"இது மங்கிப்போகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"சொல்லி வித்தியா?"

"இல்லே."

"சாயம் போற புடவையை, போகும்னு சொல்லாம விக்கிற கடைக்காரனை நாம என்ன சொல்லுவோம்?"

அந்த அம்மாளே சமாதானத்துக்கு வந்துவிட்டார். "போகட்டும் பெரியம்மா, புடவைன்னா கட்டிக் கிழிக்கிறது" என்றார். நான் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் பணத்துக்காகவா கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்? அபத்தமாகப் பேசிவிட்டேன்.

ஒரு வழி இருந்தது. இந்த வகைக் கிண்ணத்தை மறுபடியும் அடுப்பில் வைத்து, மறுபடியும் புகை போடலாம். புது வண்ணம் வரும். ஆனால் இரண்டு சங்கடம். ஒன்று, உடைந்தாலும் உடையும். தணலாக இருக்கிற மண்ணைச் சட்டென்று காற்றில் தூக்குகிற வேலை இது. அதற்கென்றே சுட்ட மண் பொடியைக் கலந்து பிசைந்தாலும் பத்தில் ஒன்று இரண்டு கீறிவிடும். இன்னொன்று, பழைய வண்ணம் திரும்ப வராது. அவர் கணவர் பார்த்த அந்த நீலமும் சிவப்பும் வரவே வராது. இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். பட்டது போதும்.

"இன்னிக்கு எப்படியும் சூளை போடறேன். இருந்து பாருங்க. பார்த்துட்டு முடிவு சொல்லுங்க" என்றேன்.

என் சூளையைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஓர் எண்ணெய் ட்ரம், உள்ளே வெள்ளைக் கம்பளி மாதிரி செராமிக் பஞ்சு, அடியில் ஓட்டை போட்டுச் செருகிய காஸ் பர்னர். அவ்வளவுதான். ஆனால் முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய 1000 டிகிரிக்கு ஏறிவிடும். நம் வீட்டு இட்லி வேகிறது 100 டிகிரியில். ராக்கு போடும் நாளில் நான் புடவை கட்டுவதில்லை. இவருடைய பழைய காக்கிப் பருத்திக் கால்சட்டை, தோல் கையுறை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. தெருவில் எல்லோரும் சிரித்தாகிவிட்டது. நைலான், பாலியெஸ்டர் எதுவும் அன்றைக்கு உடம்பில் இருக்கக்கூடாது; ஒரு பொறி பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த அம்மாளை வேப்ப மரத்தடியில், புகை போகாத திசையாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் கிண்ணத்தை மட்டும் வெயிலில் காயவைத்தேன். புளித்தண்ணீர் உள்ளே ஊறியிருக்கும் அல்லவா? ஈரம் இருந்தால் அடுப்பில் ஆவியாகி வெடித்துவிடும்.

முதல் ஈடு தயாரானது. மூடியைத் தூக்கினால் உள்ளே கிண்ணங்கள் பழுக்கக் காய்ந்து, விளக்கேற்றி வைத்த ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி இருந்தன. நீண்ட இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பற்றி, மரத்தூளும் சவுக்குச் சருகும் கிழித்த செய்தித்தாளும் போட்டிருந்த தகரத் தொட்டியில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் குபீரென்று ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அந்தக் கணம் அடிவயிறு குளிர்ந்துபோகும். உடனே மூடியைப் போட்டு அமுக்கி, ஓரத்தில் மண்ணைப் போட்டு அடைக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் வண்ணம் போயிற்று. அவசரப்பட்டால் கை போயிற்று.

வெள்ளைப் பூச்சுக் கிண்ணம் ஒன்றைத் தூக்கும்போது நடுவழியில் 'டப்' என்றது. இரண்டு துண்டு. ஒன்று இடுக்கியில், ஒன்று தரையில். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள் தம் கிண்ணத்தை வெயிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

தொட்டியைத் திறந்து கிண்ணங்களைத் தண்ணீரில் போட்டுக் கரியைத் தேய்த்தோம். 'தோம்' என்று பன்மையில் சொல்லக் காரணம், எழுபத்தெட்டு வயது மாமியாரும் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் நிற்காத சட்டிதான். ஆனால் கரி பிடித்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா இருக்க முடியாது. ஆறுகிற கிண்ணங்கள் 'டிங், டிங்' என்று மெல்லிய சத்தம் போட்டன. பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் மெலிசாக விரிகிற ஓசை அது. அந்த அம்மாள் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். கேட்டுவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

"தீபாவளின்னா அவர் குழந்தை மாதிரிம்மா. பேரனுக்கு வாங்கினதை அவரே கொளுத்திடுவார். இன்னிக்கு இதைப் பார்த்திருந்தா வீட்டுக்கே வந்திருக்க மாட்டார்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

"போடுங்க."

"உடைஞ்சா?"

"அதான் சொல்லிட்டீங்களே."

என் மாமியார் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். தடுக்கவில்லை. "சாமியைக் கும்பிட்டுக்கிட்டுப் போடு" என்றார். கும்பிட்டுக்கொண்டேன். பூச்சை மேலே ஒரு கை லேசாகத் தெளித்து, காயவைத்து, ஈட்டில் அது ஒன்றை மட்டும் வைத்தேன். காஸைச் சிக்கனம் பார்க்கிறவள் நான். ஒற்றைக் கிண்ணத்துக்காகச் சூளை மூட்டியது அன்றைக்குத்தான். வழக்கத்தைவிட மெதுவாகவே சூடு ஏற்றினேன். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. யாரும் பேசவில்லை.

மூடியைத் தூக்கினேன். முழுசாக இருந்தது. இடுக்கியால் பிடித்தேன், கை நடுங்காமல் இருந்ததற்குக் கையுறையின் கனம்தான் காரணம். தொட்டியில் வைத்து மூடினேன். இருபது நிமிஷம் கழித்துத் திறந்தபோது கிண்ணம் உடையவில்லை. ஆனால், உள்ளதைச் சொல்கிறேன், என் கைவேலையில் அது சிறந்தது அல்ல. ஒரு பக்கம் முழுக்கக் கரிக் கறுப்பு. மற்றப் பக்கத்தில் கத்தரிப்பூ ஊதா, அதன் நடுவில் சேப்பங்கிழங்கு இலை அளவுக்கு ஒரு செம்புத் திட்டு. மருந்துக்குக்கூட நீலம் இல்லை.

அந்த அம்மாள் வெகு நேரம் பார்த்தார்.

"அது இல்லே இது" என்றார்.

"இல்லேம்மா."

"ஊதாவிலே நான் புடவையே கட்டினதில்லே." மறுபடி திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது. ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ. வெயில், ஈரக்காற்று படாம வைச்சா கொஞ்சம் கூடுதலா இருக்கும்."

"கண்ணாடி அலமாரியிலே வைக்க மாட்டேன். அவர் படத்துக்குக் கீழேதான் வைப்பேன்" என்று சொல்லி, ஆறின பிறகு அதே துண்டில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டார். காசு கொடுக்க வந்தார், வாங்கவில்லை. மாமியார் அவருக்கு முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தார்.

மறுநாளே ஓர் அட்டையில் 'செம்பு வண்ணம் நாளாக ஆக மங்கும். சமையலுக்கும் சாப்பிடவும் ஆகாது. தண்ணீர் கசியும்' என்று எழுதி, கிண்ணங்கள் வைத்திருக்கும் பலகையில் நிறுத்திவிட்டேன். அதைப் படித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அநேகம். அந்த வருஷம் செம்புக் கிண்ணத்தின் வியாபாரம் பாதிக்குப் பாதி குறைந்தது. "ஒவ்வொண்ணையும் இப்படிப் பயமுறுத்தியா விக்கணும்?" என்றார் இவர். பலகையில் அட்டை சாய்ந்திருந்தால் எடுத்து நேராக நிறுத்துகிறவர் என் மாமியார்தான். முதல் கிண்ணத்தை, அந்தப் புளி ஊறிய கிண்ணத்தை, அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை. அதில் அவருடைய மூக்குக் கண்ணாடியும் மாத்திரைப் பட்டையும் கிடக்கின்றன.

போன கார்த்திகையில், அடைமழையில், கடலூரிலிருந்து தொலைபேசி வந்தது.

"மங்க ஆரம்பிச்சுட்டுதும்மா. எப்போ சூளை போடறீங்க?"

மரத்தூள் எல்லாம் ஈரம், பொங்கல் கழியட்டும் என்றேன். பேரனையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார். வரலாம், ஆனால் பருத்திச் சட்டை போட்டுத்தான் கூட்டிவர வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.